மனப்பால் குடித்தே பொழுது போகிறதா? பகற்கனவுக்குள் ஒளிந்துகொள்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பெங்களூரு மெட்ரோவில் நான் இறங்க வேண்டிய ஸ்டேஷன் குந்தலஹள்ளி. நிமிர்ந்து பார்த்தபோது போர்டில் பட்டந்தூர் அக்ரஹாரா என்று இருந்தது. மூன்று ஸ்டேஷன் தாண்டியிருந்தேன். தூங்கவில்லை, கண் திறந்துதான் இருந்தது. காதில் இயர்போன், மனதுக்குள் ஒரு மீட்டிங் அறை. அங்கே எங்கள் டீம் லீடின் முன் எழுந்து நின்று, எட்டு மாதமாகச் சொல்லாமல் விழுங்கிய அத்தனையையும் வரி பிசகாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். அறையே வாயடைத்துப் போயிருந்தது. நிஜத்தில் அந்த நேரம் ஆபீஸில் காலை மீட்டிங் என்னை விட்டுவிட்டு முடிந்திருந்தது.

எதிர்ப்பக்க மெட்ரோவுக்குப் படியேறும்போது தாமதத்துக்கு என்ன காரணம் சொல்வது என்று யோசித்தேன். தூங்கிவிட்டேன் என்றால்கூடக் கொஞ்சம் மரியாதையாக இருக்கும். ‘கனவு கண்டுகொண்டிருந்தேன்’ என்று முப்பத்தெட்டு வயதில் யாரிடம் சொல்வது?

இப்படிப்பட்டவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. அல்சூரில் குடியிருந்துகொண்டு ஒயிட்ஃபீல்டு பக்கம் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலைக்குப் போகிறவள். ஏழாம் வகுப்பிலிருந்து மனதுக்குள் ஒரு ஊரையே கட்டி வைத்திருந்தேன். அதற்குத் தெருக்கள் உண்டு, ரேஷன் கடை உண்டு, இன்னின்னாருக்கு இன்ன வயது என்ற கணக்கும் உண்டு. அதிலிருந்து பாதி வெளியே வந்திருக்கிறேன். வந்த வழியையும், வழியில் படித்துத் தெரிந்துகொண்டதையும் சொல்கிறேன்.

படி 1: சாதாரணப் பகற்கனவா, ஒளிந்துகொள்ளும் கனவா என்று பிரித்துப் பாருங்கள்

பகற்கனவு எல்லோருக்கும் உண்டு. 2010இல் ‘சயின்ஸ்’ இதழில் கில்லிங்ஸ்வொர்த், கில்பர்ட் என்ற இரு உளவியலாளர்களின் ஆய்வு வந்தது. 2250 பேரின் போனுக்கு அவ்வப்போது செய்தி அனுப்பி, ‘இப்போது என்ன செய்கிறீர்கள், மனம் எங்கே இருக்கிறது?’ என்று கேட்டார்கள். கேட்ட நேரங்களில் கிட்டத்தட்ட 47 சதவீதம் மனம் செய்கிற வேலையில் இல்லை. ஆக, பராக்குப் பார்ப்பதே பாதி வாழ்க்கை, அதற்காக யாரும் வெட்கப்பட வேண்டாம். அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. மனம் இனிமையான விஷயத்துக்குப் போயிருந்தபோதும், கையில் இருக்கும் வேலையோடு ஒட்டியிருந்த நேரத்தைவிட மகிழ்ச்சி கூடவில்லை. எனக்கு இது பெரிய அதிர்ச்சி. கனவில்தான் நான் சந்தோஷமாக இருக்கிறேன் என்று இருபத்தைந்து வருடமாக நம்பியிருந்தேன்.

யேல் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜெரோம் சிங்கர் 1960களிலேயே பகற்கனவை ஆராய்ந்தவர். எல்லாக் கனவும் ஒரே ரகம் இல்லை என்றார் அவர். திட்டம் போடவும் கற்பனை செய்யவும் உதவும் கனவு ஒன்று, குற்ற உணர்வும் பயமும் கலந்த கனவு இன்னொன்று, எதிலும் மனம் நிற்காமல் அலைவது மூன்றாவது. முதல் ரகத்தைத் தொட வேண்டாம். கதை எழுதுகிறவர்களும், ஞாயிற்றுக்கிழமை சமையலை வியாழக்கிழமையே மனதில் தாளிக்கிறவர்களும் அந்த ரகம்தான்.

நம் பிரச்சினை வேறு. 2002இல் இஸ்ரேலின் ஹைஃபா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எலி சோமர் என்ற உளவியலாளர், தன்னிடம் சிகிச்சைக்கு வந்த ஆறு பேரை வைத்து இதற்கு ‘மால்அடாப்டிவ் டேட்ரீமிங்’ என்று பெயர் வைத்தார். மனிதர்களோடு பழகுவதற்குப் பதிலாகக் கனவு வந்து உட்கார்வது, அல்லது படிப்பு, வேலை, உறவு இவற்றைக் கெடுக்கும் அளவுக்குக் கனவு வளர்வது என்பது அவர் சொன்ன வரையறை. 2016இல் இதை அளக்க 14 கேள்விகள் கொண்ட அளவுகோலும் வந்தது. உலக அளவில் மருத்துவர்கள் வைத்திருக்கும் நோய்ப் பட்டியல்களில் இது இன்னும் தனி நோயாகச் சேரவில்லை. அதனால் இணையத்தில் பார்த்துவிட்டு ‘எனக்கு இந்த வியாதி’ என்று நீங்களே முத்திரை குத்திக்கொள்ளாதீர்கள்.

அடையாளங்களைச் சொல்கிறேன். கதை தொடர்கதையாக இருக்கும், நேற்று விட்ட இடத்திலிருந்து இன்று தொடங்கும். பாட்டு கேட்டால் தானாக ஆரம்பிக்கும். நடந்துகொண்டோ ஆடிக்கொண்டோ கையில் எதையாவது உருட்டிக்கொண்டோதான் கனவு ஓடும். என் வீட்டு மொட்டை மாடியில் நான் நடந்த தூரத்துக்கு திண்டுக்கல்லுக்கே போய்ச் சேர்ந்திருக்கலாம். உதடு அசையும், சில சமயம் முகம் சிரிக்கும். யாராவது நடுவில் கூப்பிட்டால் எரிச்சல் வரும். முடிந்த பிறகு வெட்கம் வரும். ஆனால் அது கற்பனை என்பது ஒரு கணம்கூட மறக்காது. மனச்சிதைவு நோய்க்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இதுதான். நான் பைத்தியமாகிக்கொண்டிருக்கிறேனோ என்று ராத்திரியெல்லாம் பயந்தவர்கள் இந்த ஒரு வரியை இரண்டு தரம் படித்துக்கொள்ளுங்கள்.

படி 2: அது எதையெல்லாம் தின்கிறது என்று கணக்கெடுங்கள்

‘நினைப்புதான் பிழைப்பைக் கெடுக்குது’ என்று ஊரில் பாட்டி சொல்வார். பிழைப்பில் எந்தப் பகுதி என்று சொல்லவில்லை. அதை நாமே எழுதித்தான் பார்க்க வேண்டும்.

என் வீட்டில் முதலில் போனது பால். கிண்டல் இல்லை, நிஜமாகவே பால்தான். நான் மனப்பால் குடித்துக்கொண்டிருக்கும்போது அடுப்பில் இருக்கும் பால் பொங்கும். வாரம் இரண்டு தரமாவது பொங்கி, அடுப்பைச் சுற்றிக் கருகி, நான் கரண்டியால் சுரண்டிக்கொண்டிருப்பேன். அடுத்தது தூக்கம். எனக்குப் படுக்கப் போவதே தூங்குவதற்காக இல்லை, விளக்கை அணைத்ததும் கதை தொடங்கும் என்பதற்காக. பத்தரைக்குப் படுத்து ஒன்றரைக்குத் தூங்கினால், மறுநாள் மதியம் மானிட்டர் முன்னால் மூளை மந்தமாகி, அந்த மந்தத்திலிருந்து தப்பிக்க மறுபடி கனவு. செக்குமாடு சுற்றுகிற மாதிரிதான்.

வேலையில் சேதம் உடனே தெரியாது. நான் சோம்பேறி இல்லை, கடைசி நேரத்தில் உட்கார்ந்து முடித்துவிடுவேன். ஆனால் ஒரு மணி நேர வேலை நாலு மணி நேரம் எடுக்கும். மீட்டிங்கில் என் பெயர் சொல்லிக் கேள்வி கேட்டால், ‘சாரி, கட் ஆயிடுச்சு, ரிப்பீட் பண்ணுங்க’ என்பேன். பெங்களூரு நெட்டின் மேல் நான் போட்ட பழிகளுக்கு அளவே இல்லை.

உறவில்தான் வலிக்கும். மகன் பள்ளியில் நடந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தான். நான் ‘ம்’ கொட்டிக்கொண்டிருந்தேன். திடீரென்று நிறுத்தி, “அம்மா, நீ ‘ம்’ சொல்ற, ஆனா கேக்கல” என்றான். எட்டு வயது. என் கணவர் எத்தனையோ தடவை “எங்க இருக்க நீ?” என்று கேட்டிருக்கிறார், அப்போதெல்லாம் சிரித்துச் சமாளித்துவிட்டேன். இவனிடம் முடியவில்லை. இன்னொரு ஆபத்தும் உண்டு. கனவில் வருகிற மனிதர்கள் நாம் நினைத்ததைப் பேசுவார்கள், சரியான நேரத்தில் சரியான பதில் சொல்வார்கள். அவர்களோடு பழகிவிட்டால், கரண்ட் பில்லைப் பற்றிப் பேசும் நிஜக் கணவர் சப்பென்று தெரிவார். அது அவர் தப்பா?

இந்த ஊருக்கென்று ஒரு சேர்மானமும் உண்டு. ஊரை விட்டு வந்தவர்கள், பி.ஜி. என்கிற பேயிங் கெஸ்ட் அறையில் முகம் தெரியாதவர்களோடு இருப்பவர்கள், நாளுக்கு இரண்டு மூன்று மணி நேரம் ட்ராஃபிக்கிலோ மெட்ரோவிலோ இயர்போனோடு நிற்பவர்கள். கனவு வளர இதைவிட நல்ல உரம் கிடைக்காது.

படி 3: ஒரு வாரம் நோட்டு வையுங்கள்

எதையும் நிறுத்த வேண்டாம். குறித்தால் போதும். நாலணாவுக்குப் பெறாத வேலை என்று தோன்றும், ஆனால் பாதி மாற்றம் இதில்தான் நடந்தது. ஹைஃபா குழுவினர் பிறகு நடத்திய சிகிச்சை முயற்சிகளிலும், தன்னைத் தானே கண்காணித்துக் குறிப்பது மனக்குவிப்புப் பயிற்சியோடு சேர்ந்து முக்கிய இடம் பிடித்திருக்கிறது.

போனில் குறிக்காதீர்கள். போனை எடுத்தால் பாட்டு ஆப்பும் அதே திரையில்தான் இருக்கும். சின்னப் பாக்கெட் நோட்டு, ஒரு பேனா. என் நோட்டில் ஒரு நாள்:

செவ்வாய். காலை 7.50, அல்சூர் ஸ்டேஷன் படிக்கட்டு. பாட்டு போட்டதும் ஆரம்பம். மீட்டிங் காட்சி. கருடாச்சார்பாளையா வரை, 20 நிமிடம். அதற்கு முன்: சனிக்கிழமை வேலை இருக்கு என்று லீடிடமிருந்து மெசேஜ்.

மதியம் 3.10, டெஸ்க். பாட்டு இல்லை. பழைய ஊர்க் கதை. 35 நிமிடம். அதற்கு முன்: ஒரு பக் ரிப்போர்ட் புரியவில்லை, யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை.

இரவு 9.40, மொட்டை மாடி, துணி எடுக்கப் போனது. ஹவுஸ் ஓனரிடம் சண்டை போடும் காட்சி. 50 நிமிடம். துணி எடுக்கவில்லை.

நேரத்தைவிட ‘அதற்கு முன்’ என்ற பத்திதான் முக்கியம். அதை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஒரு வாரம் கழித்து அந்தப் பத்தியை மட்டும் மேலிருந்து கீழே படித்தேன். கேட்க வேண்டியதைக் கேட்காதது, சொல்ல வேண்டியதைச் சொல்லாதது, புரியாததைப் புரியவில்லை என்று ஒப்புக்கொள்ளாதது. பத்தில் எட்டு அப்படித்தான் இருந்தது. கனவு திடீரென்று வந்து என்னைத் தூக்கிக்கொண்டு போகிறது என்றுதான் நினைத்திருந்தேன். இல்லை, நான்தான் ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒரு கதவைத் திறக்கப் பயந்து பின்பக்கமாக ஓடியிருக்கிறேன்.

படி 4: கனவு உங்களுக்கு என்ன கொடுக்கிறது என்று கேளுங்கள்

மற்ற படிகளில் எதையாவது விட்டாலும் பரவாயில்லை. இதை விடாதீர்கள்.

கனவின் கதையைப் பார்க்காதீர்கள், கதை ஏமாற்றும். அதில் எந்தக் கணத்துக்குத் திரும்பத் திரும்பப் போகிறீர்கள் என்று பாருங்கள். படத்தில் பிடித்த காட்சியை ஓட்டி ஓட்டிப் பார்ப்போமே, அந்த இடம். என்னுடையதில் மீட்டிங் அறை உண்டு, கற்பனை ஊர் உண்டு, ஹவுஸ் ஓனர் சண்டை உண்டு. மூன்றுக்கும் சம்பந்தமே இல்லை என்று நினைத்திருந்தேன். நோட்டில் எழுதியபோது மூன்றிலும் ஒரே வசனம் வந்தது. யாரோ ஒருவர், ஒவ்வொரு கதையிலும் வேறு ஒருவர், என்னைப் பார்த்து “நீ சொன்னது சரிதான்” என்கிறார். அவ்வளவுதான். அந்த ஒரு வாக்கியத்துக்காக ஒரு ஊரையே கட்டி, ரேஷன் கடை வைத்து, ஜனங்களைக் குடியேற்றியிருக்கிறேன்.

பக்கத்து டீமில் தூத்துக்குடித் தம்பி ஒருவன் இருக்கிறான். மாரத்தஹள்ளியில் பி.ஜி. மூன்று வருடமாக ஐ.ஏ.எஸ். கனவு. கனவு என்றால் சும்மா இல்லை, இன்டர்வியூ போர்டில் யார் எந்தக் கேள்வி கேட்பார்கள் என்பது வரை தெரியும். வாங்கின புத்தகங்களுக்கு இன்னும் அட்டைகூடப் போடவில்லை. கேன்டீனில் அவனிடம் கேட்டேன், “உன் கனவில எந்த இடம் திரும்பத் திரும்ப வரும்?” வெகுநேரம் டீயைக் கலக்கினான். “அக்கா, ரயில்வே ஸ்டேஷன்ல அப்பா நிப்பாரு. என் பெட்டிய வாங்கிக்குவாரு. அவ்வளவுதான்” என்றான். அப்பாவோடு இரண்டு வருடமாகப் பேச்சு இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

அவனுக்கு வேண்டியது கலெக்டர் வேலையா, அப்பாவா? இரண்டுமாகவும் இருக்கலாம். ஆனால் ஒன்றுக்கு மூன்று வருடப் படிப்பு வேண்டும், மற்றதற்கு ஒரு போன் கால்.

சிலருக்கு இந்தக் கேள்வி ஆழமான காயத்தில் போய் நிற்கும். எலி சோமர் முதலில் பார்த்த ஆறு பேரும் பழைய மன அதிர்ச்சிகளுக்குச் சிகிச்சை எடுத்துக்கொண்டிருந்தவர்கள். சின்ன வயதில் அடி, அவமானம், பாதுகாப்பில்லாத வீடு இருந்தால், கனவு அந்தக் குழந்தைக்கு ஒதுங்க இடம் கொடுத்திருக்கும். அப்படி ஏதாவது மேலே வந்தால் தனியாகத் தோண்டாதீர்கள். நேராக எட்டாம் படிக்குப் போங்கள்.

படி 5: வழியை அடையுங்கள், கொஞ்சம் கொஞ்சமாக

மனதோடு மல்லுக்கட்டுவது வீண். ‘நினைக்காதே’ என்றால் அதைத்தான் நினைக்கும். தூண்டும் பொருள்களைத் தள்ளி வைப்பது சுலபம்.

பாட்டுதான் முதல் எதிரி. பாட்டையே விடச் சொல்லவில்லை, வேறு வேலையோடு சேர்த்துக் கேளுங்கள். பாத்திரம் கழுவும்போது கேட்கலாம், ஜன்னலோரம் நிற்கும்போது வேண்டாம். போகும்போது பேச்சு நிகழ்ச்சி, வரும்போது வெறுங்காது என்று நான் பழகினேன். முதல் வாரம் பைத்தியம் பிடித்த மாதிரி இருந்தது. இரண்டாவது வாரம் மெட்ரோவில் எத்தனை பேர் தமிழ் பேசுகிறார்கள் என்று தெரிந்தது.

படுக்கையில் பதினைந்து நிமிடத்துக்குள் தூக்கம் வராவிட்டால் எழுந்து ஹாலுக்கு வந்து உட்கார்ந்துவிடுங்கள். படுக்கை என்றால் கதை என்று பழகிய உடம்புக்கு அது வேறு என்று பழக்க நாளாகும். மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போகும்போது மகனைக் கூட்டிப் போக ஆரம்பித்தேன். இரண்டு நிமிடத்தில் முடிகிறது.

அப்புறம், கனவையே அடியோடு வெட்டச் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. திருநின்றவூர் பூசலார் கதை தெரிந்திருக்கும். கோயில் கட்டக் காசில்லாமல் மனதுக்குள்ளேயே கல் கல்லாக அடுக்கி, குளம் தோண்டி, மதில் எழுப்பி, குடமுழுக்குக்கு நாள் குறித்தார். அதே நாளில் காஞ்சியில் பல்லவ மன்னன் கட்டிய கோயிலுக்கும் குடமுழுக்கு. சிவன் மன்னனின் கனவில் வந்து, வேறு நாள் பார்த்துக்கொள், பூசலார் கோயிலுக்குத்தான் போகிறேன் என்றாராம். மனக்கோயிலுக்கு நம்மிடம் இவ்வளவு மரியாதை இருக்கிறது. ஆனால் பூசலாரும் அதற்கு அஸ்திவாரம், அளவு, தேதி எல்லாம் வைத்திருந்தார் என்பதைக் கவனியுங்கள். நானும் கனவுக்கு ஒரு நேரம் வைத்தேன். ஞாயிறு மாலை அரை மணி, பாட்டு இல்லாமல், அலாரத்தோடு. அலாரம் அடித்தும் எழ முடியவில்லை என்றால் உங்களுக்கு இந்த ஏற்பாடு சரிப்படாது, விட்டுவிடுங்கள்.

படி 6: நடுவில் பிடிபட்டால் திரும்பி வருவது எப்படி

கனவில் இருப்பது தெரிந்த கணமே பலரும் செய்வது தங்களைத் திட்டிக்கொள்வது. ‘மறுபடியுமா, தரித்திரம்’ என்று நானும் திட்டியிருக்கிறேன். திட்டு வாங்கிய மனம் ஆறுதலுக்கு எங்கே போகும்? வந்த இடத்துக்கேதான்.

அதற்குப் பதில் பெயர் வையுங்கள். ‘மீட்டிங் படம் ஓடுது’ என்று மெதுவாகச் சொல்லிக்கொள்ளுங்கள். பிறகு உள்ளங்காலைக் கவனியுங்கள், தரை எப்படி இருக்கிறது. காதில் விழும் இரண்டு சத்தங்களைப் பிரித்தெடுங்கள். கையில் இருப்பதைத் தொட்டுப் பாருங்கள். பெரிய தியானம் எல்லாம் வேண்டாம், அரை நிமிட வேலை. நாளுக்கு முப்பது தடவை செய்ய வேண்டியிருக்கலாம். முப்பது தடவை ஓடியது தோல்வி என்று எண்ணாமல், முப்பது தடவை திரும்பினேன் என்று எண்ணினால் போதும்.

படி 7: கனவு கேட்பதில் ஒரு துளியை நிஜத்தில் கொடுங்கள்

மனப்பால் குடித்தால் உடம்பில் ஒட்டாது, ஆனால் பசி அடங்கிவிடும். அதுதான் ஆபத்து. கேப்ரியேல் ஓட்டிங்கன் என்ற உளவியலாளர் இதைப் பல வருடமாக ஆராய்ந்தவர். 1991இல் வந்த அவருடைய ஆய்வில், எடை குறைக்கச் சேர்ந்த பெண்களில் மெலிந்த உடம்போடு இருப்பதாக மிக இனிமையாகக் கற்பனை செய்தவர்கள்தான் குறைவாக மெலிந்தார்கள். ஒரு வருடத்தில் சுமார் 11 கிலோ வித்தியாசம். 2011இல் இன்னொரு ஆய்வு: ஆசைப்பட்டது இனிமையாக நடந்துவிட்டதாகக் கற்பனை செய்தவர்களின் இரத்த அழுத்தம் குறைந்தது. ஜெயித்தாகிவிட்டது, இனி எதற்கு முயற்சி என்று உடம்பே ஓய்வுக்குப் போய்விடுகிறது.

அவர் சொல்லும் வழி எளிது. ஆசையை நினையுங்கள், அது நடந்தால் எப்படி இருக்கும் என்று ஒரு நிமிடம் கற்பனை செய்யுங்கள். உடனே, அதற்குத் தடையாக உங்களுக்குள் இருப்பது என்ன என்று கேளுங்கள். பிறகு அந்தத் தடை வரும்போது என்ன செய்வது என்று ‘இது நடந்தால், இதைச் செய்வேன்’ என்ற வடிவில் ஒரு வாக்கியம். கடைசிப் பகுதி அவருடைய கணவர் பீட்டர் கோல்விட்சர் ஆராய்ந்து நிறுவியது. கனவு முதல் இரண்டோடு நின்றுவிடும், மூன்றாவது கேள்வியைக் கேட்பதே இல்லை.

என் கதைக்கு வருகிறேன். எங்கள் சமையலறைக் கூரையில் எட்டு மாதமாக நீர்க்கசிவு. ஹவுஸ் ஓனர் கீழ் வீட்டில்தான் இருக்கிறார். கனவில் அவரிடம் சுத்தமான கன்னடத்தில், சட்டம் எல்லாம் பேசி, அவரைத் தலைகுனிய வைத்திருக்கிறேன், நூறு தடவையாவது. நிஜத்தில் பதின்மூன்று வருடம் இந்த ஊரில் இருந்தும் ‘கன்னடா கொத்தில்லா’வை, அதாவது ‘கன்னடம் தெரியாது’ என்பதைத் தாண்டவில்லை. ஆசை: கூரை ஒழுகக் கூடாது. தடை: என் கன்னடத்தைக் கேட்டு அவர் சிரித்துவிடுவாரோ என்ற பயம். வாக்கியம்: ‘பால் வாங்கிக்கொண்டு வரும்போது அவர் வாசலில் நின்றால், முதல் வரியை மட்டும் சொல்வேன்.’

ஒரு வியாழக்கிழமை நின்றார். நெஞ்சு படபடக்க, மனப்பாடம் செய்ததைச் சொன்னேன். “சார், கிச்சன்னல்லி மேலிந்த நீரு சோருத்திதெ.” கிச்சனில் மேலேயிருந்து தண்ணீர் ஒழுகுகிறது, அவ்வளவுதான்.

அவர் என்னைப் பார்த்தார். “எப்போலேர்ந்தும்மா? முன்னாடியே சொல்லியிருக்கலாமே” என்றார், தமிழில்.

அடுத்த வாரம் ஆள் வந்து பூசிவிட்டுப் போனார். எட்டு மாதக் கோர்ட் சீன் அப்படி முடிந்தது. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்கூட. அன்று இரவு மொட்டை மாடிக்குப் போனபோது அந்தச் சண்டைக் காட்சி வரவே இல்லை, கூப்பிட்டுப் பார்த்தும் வரவில்லை.

லீடிடமும் அப்படித்தான். பெரிய வசனம் இல்லை, “இந்த சனிக்கிழமை முடியாது, திங்கள் காலை முடித்துக் கொடுக்கிறேன்” என்று ஒரு மெசேஜ். ஒரு கட்டைவிரல் படம் பதிலாக வந்தது. எல்லோருக்கும் இவ்வளவு சுலபமாக நடக்கும் என்று சொல்ல மாட்டேன். அடுத்த மாதம் நான் கேட்ட வேறொன்றுக்கு மறுப்புதான் வந்தது. ஆனால் மறுப்பு வாங்கிய விஷயத்தைப் பற்றி எனக்குக் கனவு வருவதில்லை. கேட்காமல் விட்டதுதான் வருகிறது.

படி 8: எப்போது, யாரிடம் போக வேண்டும்

நாளுக்குப் பல மணி நேரம் போகிறது, வேலையோ படிப்போ கையை விட்டுப் போகிறது, நிறுத்த முயன்று முடியவில்லை என்றால் உதவி கேளுங்கள். கூடவே வாழப் பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள்.

இது தனியாக வருவது குறைவு. 39 பேரைப் பேட்டி கண்டு பரிசோதித்த 2017 ஆய்வில் முக்கால்வாசிப் பேருக்குக் கவனக்குறைவுச் சிக்கலான ஏடிஎச்டியும் இருந்தது. பதற்றம், மனச்சோர்வு, எண்ணச்சுழற்சி நோய் (ஓசிடி) எல்லாமும் பலருக்கு இருந்தன. அவற்றுக்குத் தெளிவான சிகிச்சை உண்டு. அதனால்தான் நீங்களே முத்திரை குத்திக்கொள்ளாமல் மருத்துவர் பார்க்கட்டும் என்கிறேன்.

பெங்களூருவில் இருப்பவர்களுக்கு ஓசூர் ரோட்டில் நிம்ஹான்ஸ் என்ற அரசு மனநல மருத்துவமனை இருக்கிறது. கூட்டம் இருக்கும், காலையிலேயே போய்விடுங்கள், ஒரு நாள் லீவு போட்டுவிட்டே போங்கள். இங்கே ‘நிம்ஹான்ஸ் கேஸ்’ என்று கேலி பேசுகிற வழக்கம் உண்டு, அதை நினைத்துத்தான் நானும் இரண்டு வருடம் தள்ளிப்போட்டேன். உள்ளே வரிசையில் நிற்பவர்கள் தலைவலிக்காரர்கள், தூக்கம் வராதவர்கள், பரீட்சை பயத்தில் வந்த பிள்ளைகள். போகத் தயக்கமாக இருந்தால் முதலில் 14416க்குப் போன் செய்யுங்கள். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற மனநல உதவிச் சேவை, இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம்.

டாக்டர் முன் உட்கார்ந்ததும் வெட்கத்தில் ‘கான்சன்ட்ரேஷன் இல்லை டாக்டர்’ என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். அந்த மருத்துவர் இந்தப் பெயரைக் கேள்விப்படாதவராகவும் இருக்கலாம். பெயர் வேண்டாம், நோட்டை நீட்டுங்கள். எத்தனை மணி நேரம், எதனால் ஆரம்பிக்கிறது, எதெல்லாம் கெட்டது, அது கற்பனை என்று எனக்குத் தெரியும். இந்த நாலும் சொன்னால் போதும். நான் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. “கதையில எத்தனை பேர் இருக்காங்க?” என்று கேட்டார். நான் எண்ணிச் சொன்னேன்.

படி 9: சறுக்கினால்

சறுக்கும். அப்ரைசல் மாதம், உடம்பு சரியில்லாத வாரம், ஊரிலிருந்து கெட்ட செய்தி வரும் நாள், இவையெல்லாம் நிச்சயம் இழுக்கும். நோட்டை மறுபடி எடுத்து மூன்று நாள் குறியுங்கள், ‘அதற்கு முன்’ பத்தியைப் படியுங்கள்.

தூத்துக்குடித் தம்பி போன மாதம் அப்பாவுக்குப் போன் செய்தான். நாலு நிமிடம் பேசினார்களாம், பாதி நேரம் மழையைப் பற்றி. புத்தகத்துக்கு இன்னும் அட்டை போடவில்லை.

நேற்று நானும் இறங்குமிடத்தை விட்டுவிட்டேன். பழைய ஊர்க் கதை, ரேஷன் கடையில் கூட்டம். நிமிர்ந்தபோது நல்லூர்ஹள்ளி. ஒரே ஒரு ஸ்டேஷன்தான். எதிர்ப்பக்கம் போய் நின்று நோட்டை எடுத்தேன்.